கையா, சாடியா

சகாயமேரி மிஸ் என் மனம் நோகக்கூடாதென்று பரிசோதனை முடிவை மாற்றிச் சொன்னார் என மரணவீட்டில் இருவர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அது பிழை. கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் "அக்கா போயிட்டா" என்று சொன்ன நேரத்திலிருந்து நான் நினைத்துக்கொண்டிருப்பதே அந்தப் பரிசோதனையைத்தான். அவரை அறியாதவர்களும் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கன்னியர் மடப் பாடசாலையில் அவரும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். பின்னர் அவர் அங்கேயே இரசாயனவியல் கற்பித்து, எனக்கும் 'மிஸ்' ஆனார். நான் மணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன்.

என் கணவர் காலமான வருடம் நான் போட்ட தேசிக்காய் ஊறுகாயில் பூஞ்சணம் பிடித்தது. தம் கணவரோடு எங்கள் வீட்டில் வசித்த மச்சாள், "புருஷன் இல்லாத கை பட்டால் அப்பிடித்தான். இனிச் சாடியைத் தொடாதையும்" என்றார். என் சமையலறையிலேயே நான் தள்ளி நின்றேன்.

கேள்விப்பட்டு மிஸ் வந்தார். மச்சாளை இரண்டு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா சொல்றது ஒரு கருதுகோள்," என்றார், மச்சாளைக் காட்டி. "சோதிச்சுப் பாப்பம்."

ஒரே கடைத் தேசிக்காய், ஒரே அளவு உப்பு. மச்சாள் தன் கண்ணாடிப் போத்தலை நிரப்பினார். நான் என் பீங்கான் சாடியை நிரப்பினேன். இரண்டும் ஒரே அலுமாரித் தட்டில் இருந்தன. மறுபடியும் என்னுடையதில்தான் பூஞ்சணம்.

"இப்ப என்ன சொல்லுறியள், மிஸ்?" என்று கேட்டார் மச்சாள்.

"அக்கா சொன்னபடிதான் வந்திருக்கு," என்றார், தயங்காமல்.

அவரை வழியனுப்பும்போது கேட்டேன்: "நீர் ஆரின்ர பக்கம்?"

"ஒருத்தர்ர பக்கமும் இல்லை. கையும் வேற, பாத்திரமும் வேற. அப்பிடி வச்சிட்டுக் கையில பழி போடேலாது. பிழை என்ர."

அடுத்த முறை பாத்திரங்களை மட்டும் மாற்றினார். நான் போத்தலை நிரப்பினேன், மச்சாள் சாடியை. சாடியில்தான் பூஞ்சணம் வந்தது. மிஸ் அதன் மூடியைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது.

"என்ர உப்புக் குறைஞ்சுபோச்சாக்கும்," என்றார் மச்சாள்.

"அதையும் சோதிப்பம், அக்கா."

"போதும் மிஸ். இந்த வீட்டில இனி ஊறுகாய் தின்ன ஆளில்லை. அந்தச் சாடியைக் கொண்டு போங்கோ."

அதன் பிறகு நான் எதைத் தொட்டாலும் மச்சாள் வாய் திறக்கவில்லை. முடிவை மாற்றிச் சொல்பவர் என்றால், என் முகத்தைப் பார்த்து முதல் முறையே மாற்றியிருப்பார்.

மரணவீட்டு வாசலில் அந்தச் சாடியைக் கண்டேன். கற்றாழை நட்டு வைத்திருந்தார். நன்றாகத் தழைத்திருந்தது. போய் வாரும், சகாயமேரி.

பழைய மாணவிகள் சங்கச் செயலாளருக்கு ஒரு வார்த்தை. அஞ்சலிக் கூட்டத்தில் முதல் விளக்கை ஏற்ற என்னை அழைத்தீர்கள். பிறகு, எனக்கு நிற்கக் கஷ்டம் என்று சொல்லி வேறொருவரின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அவர் என்னைவிட மூத்தவர்; கைத்தடியோடு நடப்பவர்; கணவர் உள்ளவர். காரணம் என் காலா, கையா? கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள்.