இரண்டு பேரும் பிடித்திருக்கும் அரை நொடி

இன்று நான் சந்தித்தது அனிமேஷன் படிக்கும் ஒரு பெண்ணை. எங்கள் தெருமுனையில் மிஷின்கள் வரிசையாக நின்று துணி துவைக்கும் கடை ஒன்று இருக்கிறது, அங்கேதான். காலையில் போர்வை துவைக்கப் போனவள் சாயங்காலம்தான் வீடு திரும்பினேன். போர்வை பைக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

கடைக்கார அக்கா அவளைப் "பென்சில்" என்றுதான் கூப்பிடுகிறார். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அது போதாதென்று ஆளும் பென்சில் மாதிரிதான். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

நான் உள்ளே நுழைந்ததிலிருந்து பென்சில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை என்றால் முகத்தை இல்லை, கையை. பையைக் கீழே வைக்கக் குனிந்தேன்.

"வைக்காதீங்க. ஒரு நிமிஷம். அந்தப் பையை எங்கிட்ட கொடுக்கிறீங்களா?"

நான் திருதிருவென்று விழித்தேன். "எதுக்கு?"

"சும்மா. கொடுத்துட்டுத் திரும்ப வாங்கிக்கோங்க."

மேஜைக்குப் பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "பயப்படாதம்மா, திருடி இல்ல. திருடுறவ யாராவது அழுக்குப் போர்வையைக் கேப்பாளா? காலையிலேருந்து வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டு நிக்கிறா. ஒருத்தர் கடையை விட்டே ஓடிட்டாரு. என் பொழப்புல மண்ணைப் போடத்தான் வந்திருக்கா."

பென்சில் தன் போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். ஒரு பெண்ணின் நிதானமான குரல். "உங்க இணையப் பக்கம் பார்த்தோம், நல்லா இருக்கு. கடைசி ஷாட் மட்டும் உறுத்துது. கொடுக்கிறவங்க கொடுக்கிறாங்க, வாங்குறவங்க வாங்குறாங்க. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் பையைப் பிடிக்கவே இல்லை. நடுவுல அது அநாதையா தொங்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி பார்க்கிறோம். சரி பண்ணிருந்தீங்கன்னா பேசலாம்."

இன்று வெள்ளிக்கிழமை.

அந்தக் குரல் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோவில் ஆள் எடுப்பவருடையது. இந்தப் படிப்பில் தேர்வு மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லையாம். செய்ததில் நல்லதையெல்லாம் பொறுக்கி இணையத்தில் ஒரு பக்கமாக அடுக்கி வைக்க வேண்டும். அதற்குப் பேர் போர்ட்ஃபோலியோ. அதைப் பார்த்துத்தான் வேலை. பென்சில் பதினேழு இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். வாயைத் திறந்து பதில் சொன்னது இந்த ஒரு குரல்தான்.

"சரியா வரலேன்னா அந்த ஒரு ஷாட்டைத் தூக்கிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"தூக்கிட்டா மிச்சம் என்ன இருக்கு தெரியுமா? ஒருத்தன் நடக்கிறான். ஒரு கிழவர் படியேறுறார். ஒரு பூனை குதிக்குது. எல்லாமே ஒத்தை ஒத்தை ஆளு. இவளுக்கு ரெண்டு பேரை ஒண்ணா வரையத் தெரியாதுன்னு பார்த்தவுடனே தெரிஞ்சிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நிஜமும் அதுதான்" என்றாள்.

வரைவதற்கு முன்னால் இவர்கள் நடித்துப் பார்ப்பார்களாம். நடிப்பதைப் போனில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எடை எங்கே விழுகிறது, தோள் எப்போது சாய்கிறது என்று தெரிந்துகொண்டு வரைய வேண்டும். கதவைத் திறந்து வெளியே நிற்பவரிடம் ஒரு பெண் பையைக் கொடுக்கிற காட்சி இது. கொடுப்பவளாகவும் அவளே நடித்தாள். அந்தப் பக்கம் போய் நின்று வாங்குபவராகவும் அவளே நடித்தாள். அறையில் வேறு ஆள் இல்லை. எதிரே ஆள் நிற்கிற உயரம் தெரிவதற்குத் துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கு ஒரு சட்டையை மாட்டி நிறுத்தியிருந்தாள்.

"அதுக்குப் பேரு சித்தப்பா."

"எதுக்கு?"

"ஸ்டாண்டுக்கு. தோளைக் குறுக்கிட்டு மூலையில நிக்கும், ஒரு வார்த்தை பேசாது. எங்க சித்தப்பா அச்சு அசலா அப்படித்தான்."

சித்தப்பாவால் பையை வாங்க முடியாதே. கை நீட்டுவாள், விடுவாள், பை தரையில் விழும். பிறகு தரையிலிருந்து எடுத்து வாங்கியது போல நடிப்பாள். இரண்டையும் ஒட்டினால் நடுவில் ஒரு ஓட்டை. தனியாக இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

கூடப் படிப்பவர்களைக் கேட்கலாமே என்றேன்.

"இந்த வருஷம் கிளாஸ் எல்லாம் கம்ப்யூட்டர்லதான். காலேஜுக்குப் போறது பரீட்சைக்கு மட்டும்தான். ஸ்கிரீன்ல கேமராவை அணைச்சிட்டு நாப்பது கட்டம் இருக்கும். கட்டத்துகிட்ட பையை எப்படிங்க கொடுக்கிறது?"

சரி என்று பையோடு நின்றேன். அவள் போனில் இடம் இல்லை, எல்லாம் வேலைக் கோப்புகள். அதனால் என் போனை ஒரு மிஷின் மேல் சாய்த்து வைத்துப் படம் பிடித்தோம். முதல் தடவை மிஷின் சுழல ஆரம்பித்து, போன் ஆடிக்கொண்டே நகர்ந்து விளிம்புக்குப் போய்விட்டது. இரண்டாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எத்தனை தடவை கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் சரியாக வரவில்லை.

"நீங்க கொடுக்கலை. எங்கிட்ட போடுறீங்க. குப்பைத் தொட்டியில போடுற மாதிரி" என்றாள், கோபமே இல்லாமல்.

"ஒரு கை தட்டினா ஓசை வராதும்பாங்க. இங்க நாலு கை இருந்தும் வரலையே" என்றார் அக்கா.

இடையில் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் மிச்சத்தைச் சொன்னாள். அம்மா ஒரு கம்பெனியில் சீருடை தைக்கிறார், கழுத்துப்பட்டை மட்டும், நாள் முழுக்கக் கழுத்துப்பட்டை. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். "பொம்மை போடுறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு வேற ஊரு" என்று போனிலேயே முறைப்பார். அறையில் கூட ஒரு பெண் தங்கியிருக்கிறாள் என்பதற்காகத்தான் வீட்டில் அனுப்பினார்கள். அந்தப் பெண் பாதியில் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள். தெரிந்தால் கிளம்பி வா என்பார்கள் என்று பயந்து பென்சில் அதை வீட்டில் சொல்லவில்லை. அம்மா இன்னமும் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக அனுப்புகிறார்.

"ரெண்டு டவல். ரெண்டு சோப்பு டப்பா. அவ எப்படி இருக்கான்னு தினம் கேப்பாங்க. நல்லா இருக்கான்னு சொல்வேன். அவளுக்கு ஒரு தடவை காய்ச்சல்கூட வர வச்சேன்."

எழுந்து மறுபடி நின்றோம். என் போன் மிஷின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவள் போன் அடித்தது. அம்மா. அந்தப் பழைய போனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி வேலை செய்யாது, ஸ்பீக்கர் மட்டும்தான். கடை முழுக்கக் கேட்டது.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன ம்? சாப்பிட்டேன்னு சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? எங்க இருக்க, ஒரே சத்தம்?"

"துணி துவைக்கிற கடையில."

"அவளும் இருக்காளா?"

பென்சில் என்னைப் பார்த்தாள். "...இருக்கா."

"குடு அவகிட்ட. துண்டுத் துணி நல்லதா கிடைச்சுது, உங்க ரெண்டு பேருக்கும் சட்டை தைக்கிறேன். உன் அளவு தெரியும். அவ கை நீளம் கேக்கணும்."

பென்சில் போனை என் பக்கம் நீட்டினாள். கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு என்ன தோன்றியதோ, நானும் கையை நீட்டிப் போனைப் பிடித்தேன். நான் பிடித்துவிட்டேன், அவள் விடவில்லை. நான் இழுக்கவும் இல்லை. இரண்டு பேர் விரலும் அந்தப் போனில் இருந்தது. உள்ளே இருந்து "ஹலோ, ஹலோ" என்று அம்மா. பென்சிலின் கட்டைவிரல் மட்டும் லேசாக எழும்பி, திரும்பவும் அழுந்தியது. அப்புறம் போனைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.

"அம்மா. அவ இல்லம்மா. போய் நாலு மாசம் ஆச்சு. நான் தனியாத்தான் இருக்கேன்."

அக்கா மேஜையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்போ அந்த ரெண்டாவது டவல்?" என்றார் அம்மா.

"அதுலயும் நான்தான் துடைச்சுக்கிறேன்."

"காய்ச்சல்?"

"அது எனக்கு வந்தது."

அம்மாவின் குரல் இறங்கியது. "படிப்பு முடியட்டும், உன்னை வச்சுக்கிறேன். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காத. இப்போ பக்கத்துல யாரு?"

"கடைக்கு வந்தவங்க. எனக்காக ஒரு பையைக் கொடுத்துட்டு இருக்காங்க."

அந்தப் பதில் அவருக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. "அவங்க கை நீளம் எவ்வளவு?" என்று கேட்டார்.

போனை வைத்த பிறகு பென்சில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் போனை எடுத்தாள். எல்லாம் பதிவாகியிருந்தது. நகத்தால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். இரண்டு கை, நடுவில் ஒரு போன். யார் கொடுப்பது, யார் வாங்குவது என்று தெரியவில்லை.

"இதுதான். வாங்குற கை பிடிச்சிருச்சான்னு தெரியிற வரைக்கும் கொடுக்கிற கை விடாது. அரை நொடி இருக்கும். இது இல்லாமத்தான் என் பை தொங்குது" என்றாள். சொல்லிக்கொண்டே துணிகளை ஈரத்தோடு வாரிக்கொண்டாள். நானும் என் அழுக்குப் போர்வையோடு பின்னாலேயே போனேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடைக்கு மேலே அவள் அறை. படிக்கட்டு ஒரு ஆள் அகலம். இரண்டு கட்டில், ஒன்றில் விரிப்பே இல்லாத மெத்தை, அதன் மேல் லேப்டாப் வந்த அட்டைப் பெட்டி. மூலையில் நீலச் சட்டையோடு சித்தப்பா. ஜன்னல் கம்பியில் நூல் கட்டிய ஒரு வட்ட அட்டை தொங்கியது. ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் வெறும் கூண்டு. நூலை முறுக்கி விட்டால் அட்டை வேகமாகச் சுழன்று, பறவை கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. அனிமேஷன் வரலாற்றுப் பாடத்துக்காகச் செய்ததாம். சினிமா வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்த விளையாட்டுச் சாமான் அது.

அவள் வரைய ஆரம்பித்ததும் என்னை மறந்துவிட்டாள். வரையும் பலகையில் குனிந்தபடி தனக்குத்தானே பேசிக்கொண்டாள். அனிமேஷனின் ஆரம்ப காலத்தில் ஒருவர் தன் தம்பியைக் கோமாளி உடையில் ஆட வைத்துப் படம் பிடித்து, அதன் மேலேயே தாள் வைத்து வரைந்தாராம். "அவருக்குத் தம்பி இருந்தான். பரீட்சையில இதை எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை" என்றாள். என்னிடம் சொன்னாளா, சித்தப்பாவிடம் சொன்னாளா, தெரியாது. பல மாதமாக அந்த அறையில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். அங்கே இரண்டு டம்ளர், இரண்டும் நனைந்திருந்தன.

அந்த அரை நொடிக்குப் பன்னிரண்டு படம். வெயில் சுவரில் ஏறி, சித்தப்பாவின் தோளைத் தாண்டிப் போனபோது முடித்தாள். போட்டுக் காட்டினாள். பென்சில் கோடுதான், வண்ணம்கூட இல்லை. கதவு திறக்கிறது. கை நீள்கிறது. எதிரே இன்னொரு கை வருகிறது. இரண்டும் பையைப் பிடித்திருக்கின்றன. கொடுப்பவளின் கட்டைவிரல் லேசாக எழும்பி, அழுந்தி, பிறகுதான் விலகுகிறது.

தன் இணையப் பக்கத்தில் அதைக் கடைசியில் வைத்தாள். அலங்காரமாகப் போட்டிருந்த பூவேலைப் பின்னணியைத் தூக்கி வெள்ளையாக்கினாள். பக்கத்தில் கண் உலாத்தக் கூடாது, கைக்குத்தான் போக வேண்டும் என்றாள். ஸ்டூடியோவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, விரிப்பில்லாத மெத்தையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கீழே கடிகாரக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது.

அதே நிதானமான குரல் வந்தது. "இப்ப வாங்கிட்டாங்க. திங்கட்கிழமை வாங்க, பேசலாம். அந்த இன்னொரு ஆள் யாரு?"

பென்சில் அதை ஒரே ஒரு தடவைதான் போட்டுக் கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பேசலாம் என்றுதான் அர்த்தம். அம்மாவுக்குப் போன் போட்டாள். வேலையில் இருப்பார் போல, எடுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

நான் கிளம்பினேன். வாசலில் என் போர்வைப் பையை எடுத்துக் கொடுத்தாள். நான் பிடித்துக்கொண்டேன் என்று தெரிந்த பிறகும் உடனே விடவில்லை. குனிந்து இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப வருவீங்களா?" என்றாள்.

"போர்வையே துவைக்கலையே" என்றேன்.

படி இறங்கும்போது கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்னாலேயே அவள் குரல்: "சித்தப்பா, இனிமே நீங்க துணி மட்டும் காயப்போட்டா போதும்."

அவள் பக்கத்தின் இணைப்பைக் கீழே போட்டிருக்கிறேன். ஒரு நிமிஷம் போய்ப் பாருங்கள், கடைசி ஷாட்டை இரண்டு தடவை பாருங்கள். அதற்கு அடியில் "வாங்கும் கை: கடைக்கு வந்தவர்" என்று போட்டிருக்கிறாள். பிடித்திருந்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள், அதில் ஒருவர் ஸ்டூடியோக்காரராக இருந்துவிட்டால் நல்லது. அடுத்து ஒருவர் இன்னொருவரை நாற்காலியிலிருந்து தூக்கிவிடும் காட்சி வரையப் போகிறாளாம். எங்கள் தெருப்பக்கம் வந்தால் அந்தக் கடைக்குள் எட்டிப் பாருங்கள். கொண்டையில் பென்சில் செருகிய பெண் ஒருத்தி உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஓடிவிடாதீர்கள். அவளுக்காக நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து கொடுங்கள்.