மூன்று நிமிடம் கேட்கப் பொறுமையில்லாமல்

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு எல்லாம் தொடங்கியது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி ப்ராஜெக்டுக்காக நாட்டார் கதைகள் சேகரிக்க, மகள் பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்குப் போயிருந்தாள். அவளிடமிருந்து இரண்டு வாய்ஸ் மெசேஜ் வந்தன. முதலாவது மூன்று நிமிடம். அவ்வளவு நேரம் யார் கேட்பது? அடுத்ததைத் தட்டினேன்.

"தேயிலைக்குள்ளேருந்து வந்தது. காலு நாய்க்காலு, முதுகு மனுஷ முதுகு. ஒடியன்தான். திரும்பிப் பாக்காம ஓடினேன்."

நினைத்தால் காளையாக, நாயாக மாறுகிற மனிதனைத்தான் இங்கே ஒடியன் என்பார்கள். படித்தவள் நான், அதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் ஓடினேன் என்றது என் மகளின் குரல். திரும்ப அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. கடையிலிருந்த கணவரோ போனில், "வெப்ராளப்படாதே, பதற ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். எரிச்சலில் அந்த மெசேஜை எங்கள் தெரு க்ரூப்பில் போட்டு, 'யாராவது உதவுங்கள்' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன்.

மலையடிவாரத்தில் விதுராவில் இறங்கும்போது ஐந்து தாண்டிவிட்டது. மேலே போக ஒரு ஆட்டோகூட வரவில்லை.

"சேச்சி, இன்னிக்கு மேலே ஓட்டம் இல்ல, கேட்டோ. ஒடியன் இறங்கியிருக்கு."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"தெளிவு உண்டு சேச்சி" என்று டிரைவர் ஆதாரமாகத் தன் போனை நீட்டினார். என் மகளின் குரல். கீழே யாரோ மலையாளத்தில் சேர்த்திருந்தார்கள்: 'பெண்ணைக் காணவில்லை'.

நான் அனுப்பியதுதான் எனக்கு முன்னால் வந்து வழியை மறித்து நிற்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. காணவில்லை என்று படித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலைந்து டிரைவர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள், ஆட்டோ மட்டும் எடுக்கவில்லை.

ஆறரைக்குப் பொன்முடியிலிருந்து பஸ் வந்தது. உப்பு நெல்லிக்காயைக் கடித்தபடி என் மகள் இறங்கினாள். நான் அழுதுகொண்டே அடிக்கக் கை ஓங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் போனை வாங்கி அந்த முதல் மெசேஜைச் சத்தமாக வைத்தாள். கொழுந்து கிள்ளுகிற ஒரு சேச்சி சொன்ன கதையை, அந்தச் சேச்சி சொன்னபடியே அடுத்த மெசேஜில் பேசி அனுப்புவதாக, சாவகாசமாக விளக்கம். டிரைவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மூன்றாவது நிமிடத்தின் கடைசியில், இன்றும் என் காதைச் சுடுகிற அந்த வரி வந்தது:

"அம்மா, பயந்து இதை யாருக்கும் அனுப்பி வெச்சிடாதே."