நாகு நடந்து வந்த வழி

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு மாட்டையும் தொட்டதில்லை. பட்டணத்துப் பிள்ளை; எங்கள் வீட்டுக்குப் பால் போத்தலில்தான் வந்தது. ஆனால் ஜெர்மனியின் இந்த அல்கொய் மலைப் பள்ளத்தாக்கில் எல்லோரும் என்னைப் பிறவி மாட்டுக்காரி என்றே நினைத்தார்கள். இல்லை, இல்லை என்று சொல்லி அலுத்து, கடைசியில் அந்த வேலைக்கே சேர்ந்துவிட்டேன்.

இப்போது கோடை வந்தால் பண்ணைக்காரரோடு மலை மேய்ச்சலுக்கு ஏறிவிடுவேன். காலையில் குடிலின் கதவைத் திறந்ததும் முர்மெல்டியர் என்கிற மலை அணில்கள் விசிலடித்துக்கொண்டு வளைக்குள் ஓடும். பூனையைவிடப் பெரிய, கொழுத்த பிராணிகள். வெயில் காய்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. மேலே பாறை விளிம்பில் காட்டாடுகள் சாவகாசமாக நிற்கும், பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும். மாடுகளை நான் தமிழில்தான் கூப்பிடுவேன். ஜெர்மன் மாடுகளுக்கு அது விளங்காது என்று பண்ணைக்காரர் சிரித்தார். கொஞ்ச நாளில் அவர் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தன. நான் கூப்பிட்டால் வந்தன.

இங்கே ஒரு வழக்கம். கோடை முழுக்க ஒரு மாடும் சாகாவிட்டால்தான், மலையிறங்கும் நாளில் முன்னால் போகிற பசுவுக்குப் பூமுடி சூட்டுவார்கள். ஒன்று செத்தாலும் மந்தை வெறுந்தலையோடு ஊருக்குள் வரும். போன வருடம், இறங்கச் சில நாட்கள் இருக்கும்போது, கன்று போடாத இளம் நாகு ஒன்று மூடுபனியில் காணாமற்போனது.

தேடி நடந்தோம். பனி சற்று விலகியபோது ஓர் ஓடைப் பள்ளத்துக்கு மேலே அண்டங்காக்கைகள் வட்டமடித்தன. பண்ணைக்காரர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். சரி, இந்த வருடம் பூமுடி இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடலைப் பார்க்காமல் என்ன செத்தவீடு? பள்ளத்தின் விளிம்பில் நின்று கத்தினேன்.

“வாடி பிள்ளை, வா. வீட்டை போவம்.”

கீழே கழுத்துமணி கிலுங்கியது.

நாகு சேற்றில் புதைந்து, முன்னங்கால் தோல் உரிந்து நின்றது. கயிறு போட்டு அவர் இழுக்க, நான் தள்ள, ஒருவழியாக மேலே ஏற்றினோம். மெல்ல நடக்கலாம் என்றார் வந்து பார்த்த மாட்டு வைத்தியர். பண்ணைக்காரரோ அதை வண்டியில் ஏற்றப் பார்த்தார். நொண்டி மாடு ஊர்வலத்துக்கு அழகில்லையாம். நான் விடவில்லை. இது உயிரோடு இருப்பதால்தானே மற்றதற்குப் பூமுடி?

இறங்கும் நாளில் பூமுடிப் பசு பண்ணைக்காரரோடு முன்னே போனது. நானும் நாகும் வெகு பின்னால் வந்தோம். நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது வாத்தியம் ஓய்ந்து, சனம் பியர் குடிக்கக் கலைந்துகொண்டிருந்தது. எங்கள் மணிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஊர் விடுதியில் சமையல் செய்யும் என் கணவர் கூட்டத்திலிருந்து ஓடிவந்தார்.

“கெதியா வாரும், எல்லாரும் பாக்கினம்.”

“பாக்கட்டும்” என்று சொல்லி, இன்னும் மெதுவாக நடந்தேன்.