கெளுத்திச் சத்தம் பதிந்த கேசட்

கடலுக்குள் மைக்கை இறக்கி, சத்தத்தை வைத்தே மீன் கூட்டம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். மகன் போனில் காட்டினான். தென்காசியில் நான் அதை எப்போதோ செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதிலும் அதுதான் சிக்கல்.

வாப்பா சவூதியில் இருந்தார். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்தான் போகும், வரும். பேசிப் பதிகிற அன்று வாப்பாவின் அக்கா, எங்கள் மாமி, டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். வீடே சுற்றி நிற்கும். உம்மா சலாம் சொல்லி, நாங்கள் நலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு எழுந்துவிடுவாள். என் முறையில் நாடா சுற்றும் சத்தம் மட்டும் பதியும்.

“இவ பேசுததுக்குள்ள அவன் லீவுல வந்துருவான்” என்பாள் மாமி.

ஒரு தடவை வாப்பா என்னிடம் கேட்டிருந்தார்: சாரலில் குளம் பெருகியிருக்குமே, கெளுத்திக் கூட்டம் இன்னும் மடைப் பக்கம்தான் கிடக்கிறதா? கெளுத்தியைக் கையில் பிடித்தால் கர் கர் என்று கத்தும். தண்ணீருக்குள்ளும் கத்தும், முங்கினால் கேட்கும் என்பது வாப்பாவின் கட்சி. வீட்டில் யாரும் நம்பியதில்லை.

நான் பேச வேண்டாம், மீனே பேசட்டும் என்று முடிவு செய்தேன். உம்மா மறுத்தாள். நான் விடவில்லை. கடைசியில் டேப் ரிக்கார்டரை அழுக்குத் துணிக்குள் சுற்றிக் குளத்துக்கு எடுத்து வந்தாள்.

மைக்கைப் பலூனுக்குள் திணித்து, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி, படித்துறையில் இறக்கினேன். போட்டுக் கேட்டால் தண்ணீர்ச் சத்தம்தான். மருத மரத்தடியிலும் அப்படியே. மடையில் இறக்கியதும் கல்லில் உரசிப் பலூன் கிழிந்தது. உம்மா மைக்கை வாங்கி முந்தானையால் துடைத்தாள். வேறு பலூனை ஊதிப் பார்க்கிற அவசரத்தில் நான் ரிக்கார்டரை நிறுத்தவில்லை.

“எனக்குந்தான் அவுககிட்ட கேக்க எவ்வளவோ இருக்கு” என்றாள் உம்மா, தண்ணீரைப் பார்த்தபடி. “மாமி மடியில உக்காந்துக்கிட்டு என்னத்தக் கேக்க? சாரல் வந்தா அவுக நெனப்புல சோறு எறங்க மாட்டேங்குது.”

மறுபடி இறக்கிவிட்டு நானும் முங்கிக் கேட்டேன். கர் கர், கர் கர். ஒன்றில்லை, ஒரு கூட்டமே. வாப்பாவின் கெளுத்திகள் இடம் மாறவில்லை.

போட்டுக் கேட்டபோது மீனுக்கு முன்னால் உம்மாவின் பேச்சு வந்தது. என் மீன் கேசட் கெட்டுப்போனதே என்று எனக்கு அழுகை. அழித்துவிடவா என்றேன். உம்மா வெகுநேரம் துணியைப் பிழிந்தாள்.

“வேண்டாட்டி. கெடந்துட்டுப் போகுது.”

வீட்டில் யாருக்கும் போட்டுக் காட்டாமல், சவூதிக்குப் புறப்பட்ட பக்கத்துத் தெருக்காரரிடம் கொடுத்துவிட்டோம்.

வாப்பாவின் பதிலை வீடே கூடிக் கேட்டது. “கெளுத்திச் சத்தத்தத் தெனமும் போட்டுக் கேக்கேன். இன்னும் அனுப்பு தாயி. போகும்போது உம்மாவையும் கூட்டிட்டுப் போ.”

“மீனுக்கு வந்த வாழ்வப் பாரு” என்றாள் மாமி.

மீன் பிடிக்கவே தெரியாத உம்மா எதற்கு? கூட்டம் கிடக்கும் இடம்தான் தெரிந்துவிட்டதே, தனியாகவே போய்க்கொள்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். உம்மா காதில் விழவில்லை. கொடியில் கிடந்த துணிகளை உருவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அன்று காலையில் துவைத்த துணியை மறுபடி எதற்குக் குளத்துக்குக் கொண்டுபோகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.