மிஷின் சொன்ன கலோரி

நின்ற இடத்திலேயே நடக்கிற மிஷின் ஒன்றுக்குப் பக்கத்தில், நடக்காமல் நிற்கிற வேலை என்னுடையது. ரேஷன் கடையில் நிற்பவர்கள், பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு போடுபவர்கள், யாராக இருந்தாலும் சரி, ஆட்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி அவரவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, அருப்புக்கோட்டையில் ஒரு சர்க்கரை டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்தேன். எட்டாவது வரைதான் படித்திருந்தேன், அதனால் ஊசி பக்கம் விடவில்லை. பின்னால் இருந்த அறையில் புதிதாக ஒரு நடைமிஷின் வந்து இறங்கியிருந்தது. அதை என் பொறுப்பில் விட்டார்கள். ஏறி நின்று பட்டனை அமுக்கினால் காலுக்கடியில் பெல்ட்டு ஓடும், நாம் நடக்க வேண்டும். முன்னால் இருக்கும் கண்ணாடியில் எத்தனை நேரம் நடந்தோம், எவ்வளவு தூரம், எத்தனை கலோரி எரிந்தது என்று சிவப்பு நம்பர் வரும். சாப்பாட்டில் உடம்புக்குக் கிடைக்கிற தெம்பைத்தான் கலோரி என்று கணக்குப் பண்ணுகிறார்கள், நடந்தால் அது செலவாகும் என்று டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கூடவே, "அந்த நம்பர் அளந்து சொல்றதில்லம்மா. காட்டுல நிக்கிற பருத்தியப் பாத்து இம்புட்டுத் தேறும்னு சொல்ற கண்மதிப்பு மாதிரி. ரொம்ப நம்பாதீங்க" என்றார். எனக்குப் புரிந்தது. புரியாதவர்கள் வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெல்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுபவர்களும் உண்டு.

தெருவில் நடந்த ஒரு நாள்

எண்ணெய்க்கடை ராஜாத்தியம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. சர்க்கரை இறங்காமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது, இறக்கிவிட்டு வாருங்கள் என்று மதுரையில் பெரிய டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டியோ வளர்ந்துகொண்டே போகிறது. உதிரப்போக்கும் நின்றபாடில்லை. எங்கள் டாக்டர் மாத்திரையோடு நடையையும் சொன்னார். மிஷினெல்லாம் எதற்கு, விடிகாலையில் தெருவில் நடந்தால் போதாதா என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலமே வந்து நின்றார். கையில் பை இல்லாமல், கூட ஆள் இல்லாமல், கோயில் பக்கமும் திரும்பாமல் எண்ணெய்க்கடை அம்மா விறுவிறுவென்று நடந்து போனால் எங்கள் ஊர் சும்மா இருக்குமா. "எங்க போறீக?" என்று கேட்டவர்களிடம் "சும்மா நடக்கேன்" என்றிருக்கிறார். ஒருத்தரும் நம்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல என்ன சண்டைன்னு கேக்க, பரளச்சியிலருந்து எங்க பெரியம்மா மத்தியானமே பஸ்ஸேறி வந்துட்டாக."

தராசு

மிஷினில் ஏறியதும் நம் எடையை அதில் போட வேண்டும். எடை தெரிந்தால்தான் அந்தக் கண்மதிப்பாவது ஓரளவு ஒத்துவரும். கனத்த உடம்பு நடந்தால் ஒரு கணக்கு, ஒல்லி உடம்பு நடந்தால் வேறு கணக்கு. வயசைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுகிறவர்கள், எடையைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு அம்மா தன் கல்யாணத்தன்று இருந்த எடையைச் சொன்னார். இன்னொருவர், "ஓங்க எடையவே போடுங்க, நான் தப்பா நெனக்க மாட்டேன்" என்று எனக்கு விட்டுக்கொடுத்தார்.

ராஜாத்தியம்மா எடை பார்க்கிற மிஷின் இருந்த மூலைப் பக்கமே போகவில்லை. "ஏறி எறங்குங்கம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் டாக்டரே அலுத்துப்போய், எல்லாருக்கும் பொதுவாக ஒரு நடுத்தர எடையைப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து யார் ஏறினாலும் மிஷினுக்கு ஒரே ஆள்தான். ராஜாத்தியம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது: "எங்க கடையில எண்ணெய் டின்னத்தான் தராசுல ஏத்துவோம்க்கா. கடைக்காரியவே ஏத்துனா யாவாரம் வெளங்குமா?"

கம்பி

முன்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் பாரம் பாதி கம்பிக்குப் போய்விடும். மிஷினுக்கு அது தெரியாது, முழு நடைக்கும் நம்பர் போட்டுவிடும். அதனால் கையை வீசி நடக்கச் சொல்வது என் வேலை. திருச்சுழியிலிருந்து வரும் வாத்தியார் சம்சாரம் ஒருவர், இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்து, கண்ணையும் மூடிக்கொள்வார். "கைய விடுங்கம்மா" என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கைய விட்டு நிக்க நான் என்ன கண்டக்டரா?"

பந்தல்குடிக்காரர்

பந்தல்குடியிலிருந்து லாரி முதலாளி ஒருவர் வருவார். நடப்பதை விட நம்பரைப் பார்ப்பதுதான் அவருக்கு முக்கியம். ஒரு நாள் வழக்கத்தை விட அதிக நேரம் நடந்து, நம்பர் ஏற ஏற என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டரை அழைத்து வந்து காட்டுங்கள் என்றார். நான் கதவுப்பக்கம் போவதற்குள் கரண்டு போய்விட்டது. பெல்ட்டு நின்றது, நம்பரும் மறைந்தது.

இருட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர், "கரண்டு வந்ததும் விட்ட எடத்துலருந்து ஓடும்ல?" என்று கேட்டார். ஓடாது அண்ணாச்சி, மறுபடி சைபரிலிருந்துதான் என்றேன். உடம்பில் எரிந்தது எரிந்ததுதான், நம்பர் போனால் அது திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளாது என்று எனக்குத் தெரிந்த மட்டும் எடுத்துச் சொன்னேன். சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "அப்ப நான் வேர்த்தத யாரு பேர்ல எழுதுவாக? கரண்டு ஆபீசு பேர்லயா?"

சட்னிக்கு நாளைக்கு

இந்தப் பண்டத்தில் இத்தனை கலோரி என்று டாக்டர் ஒரு தாளைச் சுவரில் ஒட்டி வைத்தார். பார்த்தால் பயந்து வாயைக் கட்டுவார்கள் என்று நினைத்திருக்கிறார், பாவம். எங்கள் ஊர் வியாபாரம் தெரிந்த ஊர். மிஷின் காட்டிய நம்பரை வரவாக வைத்து, சுவரில் இருக்கிற தாளில் அதற்குச் சரியான செலவைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அரை மணி நேரம் நடந்தவர்கள் நேராகத் தெருமுனை டீக்கடைக்குப் போய் மிஷின் அனுமதித்ததைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ராஜாத்தியம்மாவும் அப்போது என் கண் முன்னால்தான் நடந்தார். நாலு எட்டு வைப்பார், பெல்ட்டை நிறுத்தி நிற்பார், நெற்றியைப் பிடித்துக்கொள்வார். ஏறுவதற்கு முன்பே "இன்னைக்கு நடக்குறது எத்தன வடைக்குக்கா காணும்?" என்று கேட்பார். அம்மா, வடைக்காக நடக்கவில்லை, ஆப்பரேசனுக்காக நடக்கிறீர்கள், தாயே இந்தப் புத்தியை மாற்று என்று அவரிடமும் மாரியம்மனிடமும் ஒரே நேரத்தில் முறையிடுவேன். ஒரு நாள் டீக்கடைக்கு முன்னால் கையும் வடையுமாகப் பிடித்துவிட்டேன். கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "வடைக்கு நடந்துட்டேன்க்கா. சட்னிக்கு நாளைக்கு நடந்துக்கிறேன்."

ஏத்துற மிஷின்

தன் மாமனாரை ஊசிக்குக் கூட்டிவந்த ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு அறை வாசலில் நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்தாள். குமாரலிங்கபுரம் பக்கம், கூலி வேலை. இவர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று கேட்டாள். தின்றதை எரிக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பிள்ளையின் குச்சிக்கையை எடுத்து என்னிடம் காட்டினாள்: "ஏத்துற மிஷினு ஒண்ணு வந்துச்சுன்னா சொல்லிவிடுங்க, தாயி."

காவல்

காலையில் பெண்கள் நடக்கும் நேரம் என்று போர்டு எழுதித் தொங்கவிட்டிருந்தோம். அதைப் பார்த்தும் பார்க்காமல் பந்தல்குடிக்காரர் ஒரு நாள் உள்ளே வந்துவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகி நடந்துகொண்டிருந்த ராஜாத்தியம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. கூட வந்திருந்த மருமகள் சாந்திதான் ஓடிவந்து போர்வையைப் போல முன்னால் நின்றாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்தி, வெளியே ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். ராஜாத்தியம்மாதான் சொன்னார்: "நடக்குறதுக்கு நாங்க இருக்கோம்க்கா, காவலுக்குத்தான் ஆளில்ல."

கொலுசு

கதவு சாத்தியதிலிருந்து ராஜாத்தியம்மாவின் நம்பர் ஏறு ஏறென்று ஏறியது. முடிந்ததும் கதவைத் திறந்து என்னிடம் காட்டுவார்கள். நான் அம்மனுக்கு நன்றி சொல்லி, டாக்டரிடம் போய்ச் சொல்வேன். "இவ்வளவு தெம்பா நடக்குறாங்களா? அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டலாம்" என்றார் அவர். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை அசையவில்லை. மதுரையில் மறுபடியும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "பக்கத்துலயே இருந்து என்னதான் பாக்குறீங்க?" என்று டாக்டரிடமிருந்து ஏச்சு எனக்கு விழுந்தது. இதற்கிடையில் சாந்தி ஈர்க்குச்சியாக இளைத்துவிட்டாள். எண்ணெய்க்கடையில் மருமகளுக்குச் சோறு போடுவதில்லை என்று தெருவில் பேச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே உட்கார்ந்து மனசுக்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே நடக்கிற சத்தத்தோடு கொலுசுச் சத்தமும் கேட்டது. கால் வீங்கியதிலிருந்து ராஜாத்தியம்மா கொலுசு போடுவதில்லை. கதவைத் திறந்தேன். மிஷின் மேல் சாந்தி வேர்த்து ஊற்ற நடந்துகொண்டிருந்தாள். மாமியார் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒரு கையால் மிஷினின் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. "இத்தன நாளா நீயாத்தா நடந்த?" என்றேன். சாந்தி பெல்ட்டை நிறுத்தாமலே சொன்னாள். "அத்தைக்கு எந்திரிச்சாலே தல சுத்துது, பெரியம்மா. போக்கு நிக்கல. ஆம்பளைக நடமாடுற எடத்துல சேலையில பட்டுட்டா என்ன செய்வாகன்னு நான்தான் ஏறுறேன்னேன்." நீ நடந்தால் அவருக்கு எப்படியம்மா இறங்கும் என்று கேட்டேன். என் மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டுமென்று பால்குடம் எடுத்தவள் நான். ராஜாத்தியம்மா என்னிடமே திருப்பிக் கேட்டார்: "எம் மகனுக்கு அம்மை கண்டப்ப நான்தானக்கா அக்கினிச்சட்டி எடுத்தேன்? ஆத்தா ஏத்துக்கிட்டா. இந்த மிஷினு ஏத்துக்கிடாதா?"

டாக்டர் அறையில்

சொல்லிவிடாதீர்கள் என்று இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கையோடு அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து வந்து ராஜாத்தியம்மாவின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ரத்தமே இல்லாத உடம்பை இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறோம். நல்ல வேளை, நடந்தது சாந்தி.

நடையை நிறுத்தி, அன்றைக்கே மதுரைக்கு அனுப்பி, படுக்கையில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். சர்க்கரையை ஊசி போட்டு இறக்கினார்கள். கிளம்பும்போது டாக்டர், இப்படி ஒரு பொய்யை எதற்கம்மா சொன்னீர்கள் என்று கேட்டார். ராஜாத்தியம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நல்லா நடக்கேன்னு நீங்க சொன்னா மதுரையில ஒடனே கட்டிய எடுத்துருவாகன்னு நெனச்சேன், சார். நான் எப்படியாச்சும் பொழைக்கணும்."

பங்கு

ஆப்பரேசன் முடிந்து, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலும் முடிந்த பிறகு ஒரு காலையில் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். ராஜாத்தியம்மாவுக்காக நான் வேண்டிக்கொண்ட மாவிளக்கை ஏற்றிவிட்டு வந்த மறுநாள் அது. ராஜாத்தியம்மா பாதியாகியிருந்தார். சாந்திக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. கதவைச் சாத்த வேண்டாம், அக்கா உள்ளேயே இருக்கட்டும் என்றார் ராஜாத்தியம்மா. கம்பியைப் பிடித்து ஏறி, கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டு, ஆமை மாதிரி நடந்தார். இறங்கும்போது நம்பரைப் பார்த்தோம். அரை வடைக்குக்கூடக் காணாது.

இம்புட்டுத்தானா என்று முகம் வாடிவிடுமோ என்று பார்த்தேன். சாந்திதான், "நாளைக்குக் கூடுதலா வரும் அத்தை" என்று ஆறுதல் சொல்லப் போனாள். ராஜாத்தியம்மா மிஷினின் கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டார்: "இது நான் நடந்தது. நீ இதுல பங்குக்கு வராத."

அத்தனை வருஷம் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, டாக்டர் பொது எடை போடச் சொல்லும்வரை அத்தனை பேரிடமும் தொண்டை வறள எடையைக் கேட்டேனே தவிர, ஒரு நாள்கூட நான் அதில் ஏறியதும் இல்லை, என் எடையை யாரிடமும் சொன்னதும் இல்லை.