மலையேறிய பாண்

"யாழ்ப்பாணத்தில் மலை ஏது?" என்ற துணிச்சலில்தான் வாக்குக் கொடுத்தேன். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்காக மலையேறப் போவதாகவும், ஏறும் ஒவ்வொரு தடவைக்கும் ஏதாவது தரவேண்டும் என்றும் கேட்டுச் சின்னப் பிள்ளைகள் என் பேக்கரிக்கு வந்தார்கள்.

"ஒருக்கா ஏறினால் ஒரு றாத்தல் பாண்," என்றேன்.

மறுநாள் என்னை மணற்காட்டு மணல்மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். ஏறினார்கள், சறுக்கி விழுந்து சிரித்தார்கள், மறுபடி ஏறினார்கள். நாற்பதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆறு வயதுச் சுகந்தி என் கையைப் பிடித்தாள். "மாமா, நீங்களும் ஏறுங்கோ. அதுக்கும் ஒரு பாண்."

ஏறினேன். உச்சியில் மூச்சு வாங்கியபடி, நானும் சறுக்கினேன்.

அடுத்த நாள் சுட்டதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. கொடுக்க வேண்டிவராது என்று நினைத்த அந்தப் பாணைப்போல, மனம் நிறைந்து நான் பிறகு எதையும் கொடுத்ததில்லை.

"இஞ்சாருங்கோ, வீட்டுக்குப் பாண் எங்கை?" என்றாள் மனைவி.

"அது மலையேறிட்டுது," என்றேன்.