முள் நின்ற பிறகு எழுதுகிறவள்

எனக்கு பிரஷர் வந்ததற்குக் காரணம் என் கோபம் என்று இரண்டு வருஷமாக எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்காரர் சொன்னார், கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள், மாத்திரை எழுதிய டாக்டரும் சொன்னார். மஞ்சூரில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை உண்டு. அங்கே உப்பு வாங்க வந்த ஒரு அம்மா என் வீட்டுக்காரரிடம், "உங்க ஊட்டுல கத்தறதக் கொறச்சாப் போதுமுங்க, உப்பக் கொறைக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கத்துவது கடை வரைக்கும் கேட்கும், அது உண்மைதான். ஆனால் பிறந்ததிலிருந்து எனக்கு இதே குரல்தான். முப்பத்தாறு வயது வரைக்கும் ஒரு மாத்திரை கூட இல்லாமல் இதே குரலோடு நன்றாகத்தான் இருந்தேன். அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

குந்தா பக்கம் ஒரு பவர்ஹவுஸில் நான் ஆபரேட்டர். மேலே அணையிலிருந்து மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய் வழியாகத் தண்ணீர் வந்து டர்பைனைச் சுற்றும். அந்தக் குழாயில் எவ்வளவு பிரஷர், பேரிங் எவ்வளவு சூடு, லோடு எவ்வளவு என்று மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து எழுதுவது என் வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் உஸ் உஸ் என்று ஓர் இரைச்சல் இருந்தது. மெஷின் சத்தம்தான் கூடவே வீட்டுக்கு வருகிறது என்று விட்டுவிட்டேன். தலைவலி தினமும். ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றானது. பிரஷர் மட்டும் இறங்கவில்லை.

பிறகு எங்கள் பக்கம் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்தார். சின்ன வயது. கோபத்தைப் பற்றிக் கேட்காத முதல் டாக்டர் அவர்தான். படுக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே இடது பக்கமாக ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எங்கள் மலைக் குளிரில் அது ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. வைத்தவர் எடுக்கவே இல்லை.

"என்னுங்க டாக்டர், வவுத்துல பாட்டு ஏதாச்சும் கேக்குதுங்களா?" என்றேன்.

"கேக்குது" என்றார். சிரிக்கவில்லை. அங்கேயே ஒரு கடிதம் எழுதி என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்.

கோயமுத்தூரில் பார்த்தவர் ரத்தக் குழாய் டாக்டர். கிட்னிக்கும் வயிற்றுக்கும் போகிற ரத்தக் குழாய்களில் அபூர்வமாக வரும் சில நோய்களைப் பற்றி அவர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்துப் படத்தைக் காட்டினார். இடது கிட்னிக்குப் போகும் குழாய் ஒரே சீராக இல்லை. மணி கோத்த மாலை மாதிரி ஓர் இடத்தில் புடைத்தும் அடுத்த இடத்தில் இறுகியும் இருந்தது. கொழுப்பு அடைப்பு இல்லை, குழாயின் சுவரே அப்படி வளர்ந்திருக்கிறது, பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வரும் என்றார்.

"கிட்னிக்கு ரத்தம் கம்மியா போகுது. உடம்பு முழுக்கவே பிரஷர் பத்தலைன்னு அது நினைச்சுக்குது. ஏத்து ஏத்துன்னு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கு. அதனாலதான் மூணு மாத்திரைக்கும் அடங்கல."

நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "கேட்டுக்கிட்டீங்களா? கத்தறது நானில்ல. கிட்னி."

"ரெண்டு பேரும் சேந்துதான் கத்தறீங்க" என்றார் அவர்.

என் வயிற்றுச் சத்தத்தை நானும் கேட்க வேண்டும் என்றேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டார். கேட்டவுடனே தெரிந்துவிட்டது. பாதி மூடிய வால்வு வழியாகத் தண்ணீர் போகிற சத்தம். அதை எத்தனையோ ஷிப்டில் கேட்டிருக்கிறேன். பவர்ஹவுஸில் அந்தச் சத்தம் வந்தால் எழுந்து ஓடுவேன். என் உடம்பிலேயே வந்தபோது இரண்டு வருஷம் உப்பைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் விஷயம். இடது கிட்னி வலதை விடச் சிறிதாகிவிட்டது. இப்படியே விட்டால் இன்னும் சுருங்கும். சின்ன பலூனைக் குழாய்க்குள் விட்டு, இறுகிய இடத்தை விரித்துவிட்டால் சுருங்குவது நிற்கலாம். ஆனால் எல்லோருக்கும் பலூன் தேவைப்படாது. மாத்திரையிலேயே பிரஷர் கட்டுக்குள் இருந்தால் குழாயில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது. ஆஸ்பத்திரியில் பார்க்கிற பிரஷர் பதற்றத்தில் கூடவே காட்டும், அதனால் ஏழு நாள் வீட்டில் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதி வர வேண்டும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆராய்ச்சியில் சேர ஒரு படிவம் கொடுத்தார்கள். பத்துப் பக்கம் இருக்கும், தமிழில்தான். 'இதில் சேர்வதால் உங்களுக்கு நேரடியாக எந்தப் பயனும் கிடைக்காமல் போகலாம்' என்று அதில் போட்டிருந்தது. எனக்குப் பிடித்துப்போனது. இவ்வளவு வெளிப்படையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. கையெழுத்துப் போட்டேன். ஆராய்ச்சி வேலைகளைக் கவனிக்கிற நர்ஸ் பெண் ஒரு பிரஷர் மெஷினும், ஒரு நோட்டும், எப்படிப் பார்ப்பது என்று அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தாள். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள்.

"பதினோரு வருசமா மீட்டரு பாத்து எழுதறவளுக்கு நீ சொல்லித் தர்றியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் காலை, கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினேன். நூற்று எழுபத்திரண்டு. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லோடு மாறும்போது மீட்டர் முள் ஆடும். ஆடுகிற முள்ளை யாரும் எழுத மாட்டோம். அது நிற்கும் வரை பார்த்து, நின்ற பிறகு எழுதுவோம். ஆகவே திரும்ப அழுத்தினேன். நூற்று அறுபது. இன்னும் ஆடுகிறது என்று காத்திருந்தேன். நூற்று ஐம்பத்தொன்று. நூற்று நாற்பத்திரண்டு. நூற்று முப்பத்தாறு. அப்புறம் நூற்று முப்பத்து நாலு, மறுபடியும் நூற்று முப்பத்து நாலு. நின்றுவிட்டது. நோட்டில் இரண்டு கட்டம் இருந்தது. இரண்டிலும் நூற்று முப்பத்து நாலு என்று எழுதினேன்.

ஏழு நாளும் அப்படித்தான். காலையில் ஏழு தரம், மாலையில் ஏழு தரம். வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பும்போது நான் கையை நீட்டி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பேச மாட்டேன். அந்த ஒரு வாரம்தான் கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்கு அமைதியான வாரம்.

எட்டாம் நாள் கோயமுத்தூர் போனோம். டாக்டர் நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கே! மாத்திரை வேலை செய்யுது. அப்ப பலூன் இப்ப வேண்டாம். ஆறு மாசம் பார்ப்போம்."

"தலவலி அப்படியே இருக்குதுங்களே. காதுல சத்தமும் நிக்கலீங்க."

"அது இருக்கலாம். ஆனா நோட்டுப்படி பிரஷர் கட்டுக்குள்ள இருக்கே" என்றார்.

நோட்டு என் கையால் எழுதியது. நான் என்ன சொல்ல முடியும்? வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம், குத்துவது கிழிப்பது ஒன்றும் இல்லையென்று. எனக்கு மட்டும் வயிற்றின் இடது பக்கம் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. ஆறு மாசத்துக்குள் அந்தக் கிட்னி இன்னும் எவ்வளவு சுருங்கும்?

மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போனோம். நர்ஸ் பெண் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். மெஷின் தான் எடுத்த அளவையெல்லாம் உள்ளேயே வைத்திருக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் திரையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எழுதினதும் இதுல இருக்கறதும் ஒத்து வரலயே."

"பொய்யி எழுதியிருக்கேங்கறியா?" குரல் எழும்பிவிட்டது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஒரு ரீடிங்கு தப்பா எழுதினவ இல்ல நானு. எங்க பவர்ஹவுசுல வந்து கேட்டுப் பாரு!"

"பொய்னு சொல்லலக்கா. ஒவ்வொரு தடவையும் ஏழு முறை பாத்திருக்கீங்களே, ஏன்?"

"நின்னாத்தான எழுதோணும்?"

"எது நிக்கணும்?"

"முள்ளு!"

அவள் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல முள்ளே இல்லையேக்கா."

வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தெனமும் அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தாளுங்க. தியானம் கியானம் பண்றாளாட்ட இருக்குதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

அவள் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க பவர்ஹவுஸ் குழாய்ல தண்ணி பிரஷர் சட்டுனு ஏறி இறங்கும் இல்லையா? பைப் வெடிச்சா எதனால வெடிக்கும்? முள் நின்ன பிரஷர்லயா?"

பவர்ஹவுஸில் நேற்றுச் சேர்ந்த அப்ரண்டிஸ் பையனுக்குக் கூடத் தெரியும். நின்ற முள் குழாயை ஒன்றும் செய்யாது. ஆடுகிற முள்தான் வெடிக்க வைக்கும். நான் ஏழு நாளும் அந்த ஆட்டத்தையெல்லாம் தள்ளிவிட்டு, அரை மணி நேரம் பொம்மை மாதிரி உட்கார்ந்தால் வருகிற பிரஷரை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மீதி நாள் முழுக்க என் கிட்னி அனுபவித்தது நோட்டில் இல்லவே இல்லை.

பையிலிருந்து அந்த அச்சடித்த தாளை எடுத்துப் படித்தேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை மட்டும் பார்த்து, வந்ததை வந்தபடி எழுதவும் என்று இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடப் புரியும். எனக்குத் தெரியாத மீட்டரா என்று நான்தான் பிரித்துப் பார்க்கவில்லை. யாரைத் திட்டுவது என்று தேடினேன். என்னைத் தவிர அங்கே ஆள் கிடைக்கவில்லை.

"மெஷின்ல இருக்கற முதல் ரெண்டு ரீடிங்கை எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சியில அப்படி நம்ம இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. இன்னொரு வாரம் எழுதிட்டு வாங்க."

அந்த இரண்டாவது வாரம் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். நூற்று எழுபது வரும். கை தானாகப் பட்டனுக்குப் போகும். எழுதிவிட்டு மெஷினைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பருப்பு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிடுவார். ஒருநாள் கடைக்கே போய்க் கேட்டேன். "அஞ்சு மணிக்குத்தான் தருவேன் அம்மிணி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அப்போது பார்த்திருந்தால் மெஷினே வெடித்திருக்கும்.

எழுதிக்கொண்டு போன நோட்டைப் பார்த்தவுடன் டாக்டர் பலூனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்.

தொடைப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கேயிருந்து ஒரு மெல்லிய கம்பியை விட்டார்கள். எனக்கு முழு நினைவு இருந்தது. பலூனை விரிக்கும்போது இடுப்பில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலித்தது.

"எத்தன பிரஷர்ல விரிக்கறீங்க டாக்டர்?"

"எட்டு அட்மாஸ்பியர்."

"அவ்ளோதானா? எங்க குழாய்ல இதப் போல பல மடங்குங்க."

"அம்மா, இது உங்க உடம்பு. பவர்ஹவுஸ் இல்ல. கொஞ்சம் பேசாம படுங்க."

இறுகியிருந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரஷரை அளந்து பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்று டாக்டர் சத்தமாகச் சொன்னார். எனக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். முள் எங்கே நின்றது என்று நான் கேட்கவில்லை.

மூன்று மாத்திரை ஒன்றானது. காலையில் நூற்று இருபது, நூற்று இருபத்தைந்து என்று வந்தது. காதுக்குள் இருந்த இரைச்சல் போய்விட்டது. அது போன பிறகுதான் தெரிந்தது, எங்கள் வீட்டுக் கூரையில் பெய்கிற மழைக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று.

ஆறு மாசம் கழித்து மறுபடி ஸ்கேன். அன்றைக்குத்தான் உண்மையில் எனக்குப் பயம். பிரஷரை நானே பார்க்கலாம், கிட்னியின் அளவை நான் எப்படிப் பார்ப்பது? டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டு அளந்தார். இரண்டு தரம்தான் அளந்தார். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"பழைய அளவுக்கு வளராது. ஆனா அன்னிக்கு இருந்ததுல இருந்து கொஞ்சம் கூடச் சுருங்கல."

"அது போதுமுங்க" என்றேன். குரல் ஏன் அப்படிச் சின்னதாக வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நர்ஸ் பெண் இன்னொரு படிவத்தை நீட்டினாள். இன்னும் ஐந்து வருஷம், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து அந்தக் கிட்னியைக் காட்ட வேண்டுமாம். இந்த நோய் உள்ளவர்கள் குறைவு, ஒருத்தர் வராமல் போனாலும் ஆராய்ச்சிக்கு நஷ்டம் என்றாள்.

"வர்றேன் கண்ணு. ஆனா மே மாசத்துல மட்டும் கூப்புட்டுப் போடாத. உங்க ஊரு வெயில்ல மனுசன் வருவானா?"

"எழுதி வெச்சுக்கறேன்க்கா."

"எம்முன்னாடியே எழுது" என்றேன். எழுதினாள். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.